உலாவியின் உள்ளமைப்பில் எழுத்தின் இடம்: இரு கட்டமைப்பு விளக்கங்கள் மீதான திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

இணைய உலாவியின் உள்ளமைப்பை விளக்கப் பரவலாக எடுத்தாளப்படும் எழுத்துகள் இரண்டு. ஒன்று, ஆலன் கிராஸ்குர்த்தும் மைக்கேல் காட்ஃப்ரேயும் 2005இல் முன்வைத்த மாதிரிக் கட்டமைப்பு. மற்றொன்று, தாலி கார்சியல் எழுதி 2011இல் பரவலான நெடுங்கட்டுரை. இவ்விரண்டின் படங்களிலும் எழுத்து என்பது வரைதலின் கடைசியில் எழுத்துருவால் நிறைவுறும் ஒரு பொருளாகவே அமைகிறது. தமிழ் வரிவடிவத்திற்கு இவ்வைப்பு பொருந்தவில்லை என்பதும், மின்பதிப்புகளில் பிழை நேர்ந்த இடத்தைத் தவறாகக் காண அது வழிவகுக்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: உலாவி, ஒருங்குறி, குறியேற்றம், ஆவண மரம், வடிவாக்கம், மின்பதிப்பு

முன்னுரை

ஔவையாரின் பெயர் இணையத்தில் இரு வகையாக எழுதப்பட்டுக் கிடக்கிறது. ஒன்றில் முதலெழுத்து ஔகாரம். மற்றொன்றில் ஒகரத்தை அடுத்து ளகரம். பின்னதை உள்ளபடி வாசித்தால் 'ஒ-ள-வை-யார்' என்றுதான் ஒலிக்க வேண்டும். ஆயினும் பல எழுத்துருக்களில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றுவதால் வாசகர் தடையின்றி ஔவையார் என்றே படித்துச் செல்கிறார். தேடுபொருளாக ஒன்றை இட்டால், எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் நிரல் மற்றொன்றைக் கண்டறியாது. அகரவரிசையில் ஒன்று ஔகாரத்திலும் மற்றொன்று ஒகரத்திலும் போய் அமர்கின்றன.

இவ்வேறுபாட்டை 'எழுத்துருச் சிக்கல்' என்று சொல்லி நகர்ந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. எழுத்துரு இங்கே எப்பிழையும் செய்யவில்லை. தனக்குத் தரப்பட்ட குறிகளுக்குரிய வடிவங்களை ஒழுங்காகவே தந்துள்ளது. பிழை நேர்ந்தது தட்டச்சில். அதைத் திருத்தாமல் காத்து வந்தவை உலாவியின் முந்தைய படிநிலைகள். அப்படிநிலைகள் எவை, ஒவ்வொன்றும் உரையை என்ன செய்கிறது என்று கேட்கும் ஆய்வாளர், உலாவியின் கட்டமைப்பை விளக்கும் எழுத்துகளை நாடுகிறார். அங்கே அவருக்குக் கிடைப்பது என்ன என்பதே இத்திறனாய்வின் கேள்வி.

'உலாவி' என்னும் சொல்லே ஓரளவு திசைதிருப்புகிறது. உலாவுபவர் வாசகர், மென்பொருள் இருந்த இடத்தில் இருந்துகொண்டு பைட்டுகளை வரவழைத்து, படித்து, பொருள்கொண்டு, வரைகிறது. அதன் தொழில் உலாவுதலைவிட உரை வகுத்தலுக்கே நெருக்கமானது.

இரு விளக்கங்கள்

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிராஸ்குர்த்தும் காட்ஃப்ரேயும் மொசில்லா, கான்கரர் ஆகிய திறமூல உலாவிகளின் நிரலை ஆராய்ந்து எட்டு உள்ளமைப்புகளைப் பிரித்துக் காட்டினர்: பயனர் இடைமுகம், உலாவிப் பொறி, காட்சியாக்கப் பொறி, வலையமைப்பு, ஜாவாஸ்கிரிப்ட் பொருள்கோளி, எக்ஸ்.எம்.எல். பகுப்பான், காட்சிப் பின்தளம், தரவு நிலைபேறு. எச்.டி.எம்.எல். பகுப்பானுக்கு இதில் தனிப்பெட்டி இல்லாமை தற்செயலானதன்று. அது காட்சியாக்கப் பொறியோடு பின்னிக் கிடப்பதால் பிரித்தெடுக்க இயலாது என்பதை அவர்களே விளக்குகின்றனர். நிரலிலிருந்து கட்டமைப்பை மீட்டெடுக்கும் இவ்வணுகுமுறை இன்றும் மதிப்புக்குரியது.

கார்சியலின் கட்டுரை இதனினும் எளியது. ஏழு கூறுகளோடு நிற்கிறது. அதன் வலிமை, வெப்கிட், கெக்கோ என்னும் இரு பொறிகளையும் அருகருகே வைத்து, பகுப்பு, ஆவண மரம், காட்சி மரம், கிடப்பமைப்பு, வரைதல் என்னும் ஓட்டத்தைத் தெளிவாக நிறுத்தியதில் உள்ளது. கணினியியல் பயின்ற ஒரு தலைமுறை உலாவியை அறிந்தது இக்கட்டுரை வழியாகத்தான் என்றால் அது மிகையாகாது.

இனி இப்படங்களில் எழுத்தைத் தேடலாம். முதலாவதில் எழுத்துருக்கள் காட்சிப் பின்தளத்தில், பொத்தான் முதலிய திரைக்கருவிகளுக்கும் வரைதல் அடிப்படைகளுக்கும் பக்கத்தில் வைக்கப்பட்டுள்ளன. இரண்டாவதன் ஓட்டப்படத்தில் எழுத்து உருவாதல் தனிப் படிநிலையாக இடம்பெறவே இல்லை. ஆவண மரத்தில் 'உரைக்கணு' ஒன்று உண்டு. வரைதலில் அது எவ்வாறோ எழுத்தாகிவிடுகிறது. இடையில் நடப்பது சொல்லத்தக்கதன்று எனக் கருதப்பட்டிருக்கலாம். ஒரு குறிக்கு ஒரு வடிவம், இடமிருந்து வலமாக வரிசையாக என்றமைந்த இலத்தீன் எழுத்தை மட்டும் மனத்திற்கொண்டால் அக்கருத்தில் பெருந்தவறும் இல்லை.

2005ஆம் ஆண்டுப் படத்திற்கு நியாயம் வழங்க ஒன்று சொல்ல வேண்டும். அன்று தமிழ் போன்ற எழுத்துகளைக் கோக்கும் பணி உலாவிக்கு வெளியே, விண்டோஸில் யூனிஸ்கிரைபிடமும் லினக்ஸில் பாங்கோவிடமும் இருந்தது. ஒரே உலாவி இரு கணினிகளில் இருவேறு விதமாகத் தமிழ் காட்டியதற்குக் காரணம் அதுவே. 2010களில் ஹார்ஃப்பஸ் என்னும் திறமூல நூலகம் குரோம், ஃபயர்பாக்ஸ் இரண்டினுள்ளும் இடம்பிடித்தபின் அப்பணி உலாவியின் உட்பணியானது. ('திறந்த எழுத்து' என்னும் பொருள்பட அந்நூலகத்திற்குப் பாரசீகச் சொற்களால் பெயரிட்டுள்ளனர்.) நிலப்பரப்பு மாறிவிட்டது, வகுப்பறையில் தொங்கும் வரைபடம் மட்டும் மாறவில்லை.

தமிழ் இருந்த இடம்

இவ்விடமாற்றத்தின் முழுப் பொருளை உணரத் தமிழ் இணையத்தின் முதல் பத்தாண்டைத் திரும்பிப் பார்க்க வேண்டும். திஸ்கி, தாப், தாம் முதலிய எட்டு-பிட் குறியேற்றங்களில் எழுதப்பட்ட பக்கங்கள் பெரும்பாலும் தம்மை இலத்தீன் குறியேற்றம் என்றே உலாவியிடம் அறிவித்துக்கொண்டன. உலாவி அப்பைட்டுகளை இலத்தீன் எழுத்துகளாகவே பெயர்த்தது. ஆவண மரத்திலும் அவையே நின்றன. கடைசியில் வரையும்போது மட்டும், இலத்தீன் எழுத்துகளின் இருப்பிடத்தில் தமிழ் வடிவங்களைப் பதித்த எழுத்துரு வந்து தமிழைத் தோற்றுவித்தது. வாசகரின் கணினியில் அவ்வெழுத்துரு இல்லாவிடில் தமிழும் இல்லை. அக்குறையைப் போக்க எழுத்துருவைப் பக்கத்தோடு அனுப்பும் இயங்கு எழுத்துரு முறை வந்தது. நெட்ஸ்கேப்புக்கு ஒரு கோப்பு வடிவம், இண்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு வேறொரு வடிவம் என்று அதிலும் இரு பாதைகள்.

அக்காலத் தமிழ் உலாவியின் கடைசி அடுக்கில் மட்டுமே வாழ்ந்தது. எழுத்துருவைக் காட்சிப் பின்தளத்தில் வைக்கும் படம் அக்காலத்திற்குத் துல்லியமாகப் பொருந்துகிறது. ஒருங்குறி வந்ததும் தமிழ் அங்கிருந்து பெயர்ந்து, பைட்டுகளைக் குறிகளாக்கும் முதல் அடுக்கிலேயே தமிழாகிவிட்டது. 'எழுத்துருச் சிக்கல்' என்னும் பழைய பேச்சு நீடிப்பதற்குக் காரணம் இவ்விடமாற்றம் உணரப்படாமையே.

குறிபெயர்ப்பு

யு.டி.எஃப்.-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளாகிறது. 'அம்மா' என்னும் சொல்லில் அகரம், மகரம், புள்ளி, மகரம், கால் என ஐந்து குறிகள். ஆகவே 15 பைட்டுகள். இவற்றைத் தமிழாகப் படிப்பதா வேறாகப் படிப்பதா என்பதை உலாவி ஒரு முறைவைப்பில் முடிவு செய்கிறது: கோப்பின் தொடக்கத்தில் ஒருங்குறி அடையாளம் இருப்பின் அது, இல்லையேல் வழங்கி அனுப்பும் தலைப்புச் செய்தி, அதுவுமில்லையேல் கோப்பின் முதல் 1024 பைட்டுகளுக்குள் உள்ள அறிவிப்பு, எதுவும் இல்லாவிடில் ஊகம். பக்கத்தை எழுதியவர் சரியாக அறிவித்திருந்தும் வழங்கி வேறொன்றைச் சொன்னால் வழங்கியின் சொல்லே செல்லும். மூன்று மூன்றாக அயற்குறிகள் நிறைந்த பக்கத்தைக் கண்டு எழுத்துரு நிறுவச் சொல்வது இந்நிலையில் பயனற்ற அறிவுரை.

இன்னொரு செய்தியும் இங்கே பதியத்தக்கது. திஸ்கி, இணையக் குறியேற்றங்களுக்கான உலகப் பதிவேட்டில் இடம்பெற்ற ஒன்று. ஆனால் உலாவிகள் ஏற்க வேண்டிய குறியேற்றங்களை வரையறுக்கும் தரநிலையில் தமிழுக்கென உருவான எக்குறியேற்றமும் இல்லை. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் திஸ்கியில் வெளியிட்டுப் பின்னர் ஒருங்குறிக்கு மாறியது. மாறாமல் நின்றுவிட்ட தளங்களின் நூல்களை எந்த உலாவியாலும் தமிழாகப் படிக்க இயலாது.

பிழை பொறுக்கும் பகுப்பான்

எச்.டி.எம்.எல். பகுப்பான் எதையும் மறுப்பதில்லை. எவ்வளவு சிதைந்த கோப்பைக் கொடுத்தாலும் ஓர் ஆவண மரத்தைக் கட்டித் தந்தே தீரும். சிதைவை எவ்வாறு சீர்செய்வது என்பதையும் எச்.டி.எம்.எல்.5 தரநிலை படிப்படியாக விதித்துவிட்டது. இரு விளக்கங்களும் இப்பண்பை அறிந்தே பேசுகின்றன. கார்சியல் வெப்கிட்டின் பிழைதிருத்தத்தைச் சற்று விரிவாகவே காட்டுகிறார். பதிப்பாசிரியர் நோக்கில் அதன் விளைவு என்ன என்பது மட்டும் அவர்தம் கவலையன்று.

ஒரு நூலின் செய்யுளையும் உரையையும் அட்டவணையாக, இடப்பக்க அறையில் ஒன்றும் வலப்பக்க அறையில் மற்றொன்றுமாக வைத்த பக்கம் ஒன்றைக் கொள்வோம். அதில் உரையின் ஒரு தொடர் அறைக்குரிய குறியீடு விடுபட்டு, அட்டவணைக்குள் நேரடியாக நிற்கிறது. தரநிலையின் விதிப்படி உலாவி அத்தொடரை அட்டவணையிலிருந்து வெளியேற்றி அட்டவணைக்கு முன்னால் வைத்துவிடும். இவ்விதிக்கு 'வளர்ப்புப் பெற்றோரிடம் சேர்த்தல்' என்னும் பொருளில் பெயரிட்டிருக்கிறார்கள். விளைவாக, செய்யுளுக்குப் பின் வரவேண்டிய உரைத்தொடர் செய்யுளுக்கு முன், கொளு போலவோ பதிப்புரை போலவோ காட்சி தரும். திரையைப் பார்த்து மேற்கோள் எடுப்பவருக்கு இஃது இடமாறிய தொடர் என்று ஐயுறச் சான்று எதுவும் கிடையாது. கோப்பின் மூலத்தைத் திறந்து பார்த்தால் தொடர் தன் பழைய இடத்திலேயே இருக்கும். மூலக்கோப்பு, ஆவண மரம், திரைக்காட்சி மூன்றும் மூன்று சாட்சிகள். அவை எப்போதும் ஒத்துரைப்பதில்லை.

வடிவாக்கம்

'கெ' என்னும் எழுத்து நினைவகத்தில் ககரம் முன்னும் ஒற்றைக்கொம்பு பின்னுமாக, ஒலிக்கும் முறையில் சேமிக்கப்படுகிறது. திரையிலோ கொம்பு முன்னே நிற்க வேண்டும். 'கொ' எனில் ஓர் உயிர்க்குறியைக் கொம்பும் காலுமாகப் பிளந்து ககரத்தின் இருபுறமும் நிறுத்த வேண்டும். 'டு', 'மு', 'லூ' போன்றவற்றில் மெய்யும் உயிர்க்குறியும் சேர்ந்து புதியதொரு வடிவம் பிறக்க வேண்டும். இப்பணிகளின் தொகுதியே வடிவாக்கம். உலாவி எழுத்து எது எனக் கண்டு, அசைக்கூறுகளாகப் பிரித்து, எழுத்துருவிலுள்ள பதிலீட்டு விதிகளைக் கேட்டு, வடிவங்களையும் அவற்றின் அகலங்களையும் பெறுகிறது.

அகலம் என்பதுதான் இங்கே முடிச்சு. ஒரு சொல் எவ்வளவு இடம் பிடிக்கும் என்பது வடிவாக்கம் முடிந்த பின்னரே தெரியும். அது தெரியாமல் வரியை எங்கே மடக்குவது என்று முடிவு செய்ய இயலாது. எனவே வடிவாக்கம் கிடப்பமைப்பிற்கு முன்னும் அதனோடு ஊடாடியும் நிகழ்கிறது. அதை வரைதலுக்கு அடியில் வைக்கும் படம், காரியத்தைக் காரணத்திற்கு முன் வைத்துவிட்டது. இக்கட்டுரை முன்வைக்கும் முதன்மையான மறுப்பு இதுவே.

பழஞ்சுவடிகளில் புள்ளி இடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடும் காலுக்கும் ரகரத்திற்குமான வேறுபாடும் வாசிப்பவர் அறிந்து நிரப்ப வேண்டியவை. எழுதப்பட்டதற்கும் வாசிக்கப்பட்டதற்கும் இடையே ஒரு வாசகரின் அறிவு நின்றது. உலாவியில் அவ்விடத்தில் நிற்பது வடிவாக்க நிரல். அந்நிரலின் இலக்கணத்திற்குப் பொருந்தாதவற்றை அது வெளிப்படையாகவே குறித்துவிடும். பழைய குறியேற்றத்திலிருந்து கண்ணுக்குத் தெரியும் வரிசை மாற்றப்படாமல் வந்த உரையில், சொல்லின் முதலில் தனித்து நிற்கும் கொம்பு ஒரு புள்ளிவட்டத்தோடு காட்சி தருவது இதனாலேயே. சொல்லின் நடுவிலோ அக்கொம்பு முன்னுள்ள எழுத்தைப் பற்றிக்கொள்கிறது. 'அகமெனும்' என்பது 'அகெமனும்' ஆகிவிடுகிறது. இப்புள்ளிவட்டத்தை எழுத்துருவின் குறையாகக் கொண்டு வேறு எழுத்துரு தேடுவோர் பலர். உரை தன் பிழையைத் தானே அறிவிக்கும் இடம் அது.

தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியோடு ஏற்ற அனைத்து எழுத்துரு பதினாறு-பிட் குறியேற்றம் இந்த வடிவாக்கச் சுமையை நீக்க முயன்றது. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் தரும் அம்முறையின் மொழியியல் நியாயம் எளிதில் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆனால் அது குடிகொண்டது ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில். அப்பகுதியிலுள்ள குறி எம்மொழிக்குரியது, மெய்யா உயிரா என்னும் பண்புத் தகவல் உலாவியிடம் இல்லை. ஆகவே தமிழ் மீண்டும் எழுத்துருவை மட்டுமே நம்பும் கடைசி அடுக்குக்குத் திரும்பிவிடுகிறது.

எழுத்தெண்ணிப் படித்தல்

ஆழ்ந்து கற்றலை எழுத்தெண்ணிப் படித்தல் என்பது தமிழ் வழக்கு. உலாவிக்குள் இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட் எண்ணுவது எழுத்தையன்று, குறிகளின் அலகுகளை. 'தமிழ்' என்னும் சொல்லின் நீளம் அதற்கு ஐந்து. 'கொ' என்பதை ஒரே உயிர்க்குறியால் எழுதினால் நீளம் இரண்டு. கொம்பும் காலுமாக எழுதினால் மூன்று. ஒருங்குறி இவ்விரண்டையும் நிகரானவை என்றே வரையறுத்துள்ளது. ஆயினும் பகுப்பானும் சமக்குறி ஒப்பீடும் அந்நிகரை நாடுவதில்லை. நிரல் எழுதுபவர் கேட்டால்தான் இயல்பாக்கம் நடைபெறும்.

கட்டளைக் கலித்துறையின் அடியை எடுத்துக்கொண்டால் விளைவு புலப்படும். ஒற்று நீக்கி, நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்தும் நிரையசையில் தொடங்கும் அடிக்கு 17 எழுத்தும் வேண்டும். நீளத்தை அப்படியே எண்ணும் நிரல் ஓரடியையும் சரியாக எண்ணாது. எழுத்துக்கூறுகளைப் பிரித்துத் தரும் வசதி குரோமில் 2020இலும் ஃபயர்பாக்ஸில் 2024இலும்தான் வந்தது. அதுவும் 'தமிழ்' என்பதை மூன்றாக எண்ணுகிறது. மெய்யைக் கழிக்கும் பணி யாப்பறிந்தவருடையது.

சொல்லடைவு செய்வோருக்கு இன்னும் பெரிய இடர் உண்டு. ஒருங்குறி அட்டவணையில் நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும், லகரத்தை அடுத்து ளகரமும் ழகரமும் நிற்கின்றன. புள்ளி எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால் கிடக்கிறது. ஜாவாஸ்கிரிப்டின் இயல்பான வரிசையாக்கம் இவ்வட்டவணையையே பின்பற்றுவதால் 'அகம்' முன்னும் 'அக்கா' பின்னுமாக அமையும். மெய்யை உயிர்மெய்க்கு முன் வைக்கும் அகராதி மரபு தலைகீழாகிறது. தமிழ் வரிசையை அறிந்த ஒப்பீட்டுக் கருவியும் உலாவிக்குள்ளேயே இருக்கிறது, கேட்பவருக்கு மட்டும். கிராஸ்குர்த் - காட்ஃப்ரே படத்தில் ஜாவாஸ்கிரிப்ட் பொருள்கோளிக்கு ஒரு பெட்டி உண்டு. மொழியறிவுத் தரவுக்கு இல்லை.

படத்தில் செய்ய வேண்டிய திருத்தம்

2008இல் குரோம் வெளிவந்தபோது தாவல்களைத் தனித்தனிச் செயல்களாகப் பிரித்து, காட்சியாக்கத்தைக் காப்பறைக்குள் பூட்டியது. 2018இல் ஸ்பெக்டர் குறைபாடு வெளியானபின் ஒவ்வொரு தளமும் தனிச் செயலுக்குள் ஒதுக்கப்பட்டது. இரு பழைய படங்களும் காலாவதியாயின எனச் சுட்டுவோர் வழக்கமாக இம்மாற்றத்தையே சுட்டுவர். பாதுகாப்பு நோக்கில் அது சரி. உரையைக் கற்போர்க்கு அதனினும் முதன்மையானது, பாணி கணிப்புக்கும் கிடப்பமைப்புக்கும் இடையே 'உரை' என்றொரு பெட்டி வேண்டும் என்பதே. குறிகளின் பண்புத் தரவு, மொழி அறிவிப்பு, எழுத்துருத் தேர்வு, வடிவாக்கம், வரிமடக்கு ஆகியன அதற்குள் அடங்கும்.

அப்பெட்டி இருப்பின், எது எந்த அடுக்கில் காக்கப்படுகிறது என்பதும் விளங்கும். 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்தைய அச்சுநூலில் லகர ஐகாரம் துதிக்கை போன்ற வடிவில் இருந்தது. அதற்கெனத் தனிக் குறி இல்லை. பழைய வடிவும் புதிய வடிவும் ஒரே குறித்தொடரே. பழைய அச்சின் தோற்றத்தை மின்பதிப்பில் காக்க விரும்புபவர் அதை எழுத்துருவிடம்தான் ஒப்படைக்க முடியும். உரையைப் படியெடுத்து வேறிடத்தில் இட்டவுடன் அது மறைந்துவிடும். இங்கு மட்டும் 'எழுத்துருச் சிக்கல்' என்பது பொருத்தமான பெயர்.

'ஸ்ரீ' இதற்கு நேர்மாறு. ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம். 2005இல் ஒருங்குறியில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே கூட்டெழுத்தாகும்; ஶகரம் இல்லாத எழுத்துருவில் அவ்வொரு குறி மட்டும் வேறோர் எழுத்துருவிலிருந்து எடுக்கப்பட்டுக் கூட்டு உடைந்துவிடும். இவ்விரண்டையும் ஒருங்குறி நிகராகக் கொள்ளவில்லை; ஆதலால் இயல்பாக்கமும் இங்கே உதவாது. எந்தச் சுவடியைக் கொண்டு பதிப்பித்தார் என்று முன்னுரையில் எழுதும் பதிப்பாசிரியர், மின்பதிப்பின் முன்னுரையில் எந்த ஸ்ரீயை, எந்த ஔகாரத்தை, எந்த இயல்பாக்க வடிவத்தைக் கைக்கொண்டார் என்பதையும் எழுதியாக வேண்டும். உலாவி அதை அவருக்காக முடிவு செய்யாது. முடிவு செய்யப்படவில்லை என்பதை வாசகருக்குக் காட்டவும் செய்யாது.